தரவுத்தளப் பாட வளங்களைக் கூட்டாகச் சேர்ப்பது எப்படி: வன்னி ஐசிடி ஆசிரியர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஒவ்வொரு தவணையும் எங்கள் வட்ஸப் குழுவில் ஒரே கேள்வி வரும். "சேர், தரவுத்தளத்துக்கு ஆரிட்டயாவது நோட்ஸ் இருக்கோ?" பத்து நிமிடத்தில் ஏழெட்டுப் பிடிஎஃப் வந்து விழும். பாதி ஸ்கான் செய்த ரியூசன் தாள்கள், ஒன்றிரண்டு தலைகீழாக. கேட்டவர் ஒரு கும்பிடு படம் போடுவார். அடுத்த தவணை இன்னொருவர் கேட்பார், அதே தாள்கள் திரும்ப வரும். நானும் கேட்டிருக்கிறேன், நானும் அனுப்பியிருக்கிறேன்.

எங்கள் பக்கப் பாடசாலைகள் பலவற்றில் ஐசிடிக்கு, அதாவது தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்துக்கு, ஆள் ஒருவர்தான். சந்தேகம் வந்தால் பக்கத்து வகுப்பில் எட்டிக் கேட்க யாரும் இல்லை. ஆனால் பிறர் செய்த பிடிஎஃப் அந்தத் தனிமைக்குப் பெரிதாக உதவுவதில்லை. திருத்த முடியாது, விடை இருக்காது, அதில் உள்ள சொல் நம் பிள்ளைகள் படித்த சொல்லாக இருக்காது. ஆறு பேர் சேர்ந்து, வகுப்பில் ஓட்டிப் பார்த்த சிறிய பயிற்சிகளை ஒரே தரவின்மேல் கட்டினால் மட்டும் அது பயன்படுகிறது என்பது இரண்டு வருடம் தடக்குப்பட்டு நான் கண்டது. அதை எப்படிச் செய்வது என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: ஆட்கள்

நான்கு முதல் ஆறு பேர் போதும். முழு வலயத்தையும் கூப்பிட்டால் கூட்டம் நடக்கும், வேலை நடக்காது. ஒருவராவது உயர்தரம் எடுப்பவர், ஒருவராவது சாதாரண தரம் மட்டும் எடுப்பவர், ஒருவர் புதிதாக நியமனம் பெற்றவர் என்று இருக்கட்டும். புதியவர்தான் முக்கியம்: பழையவர்களுக்குப் புரிந்துபோன இடங்களில் "இது விளங்கேல்ல" என்று சொல்ல அவரால்தான் முடியும்.

நேரில் கூட மாங்குளம் வசதி. ஏ9 வீதியில் வவுனியாவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் வரலாம், முல்லைத்தீவு வீதி அங்கேதான் பிரிகிறது, துணுக்காய், மல்லாவிப் பக்கத்தாருக்கும் அதுவே சந்தி. யாழ்ப்பாணத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து படிப்பிப்பவர்களுக்குச் சனிக்கிழமையும் வா என்பது கொடுமை. அவர்களைத் தவணைக்கு ஒருமுறை மட்டும் கூப்பிடுங்கள். ஆசிரிய ஆலோசகருக்குத் தகவல் சொல்லி வைக்கலாம். ஆனால் முதல் கூட்டத்துக்கே பதாகை அடிக்க வேண்டாம்.

படி 2: சொற்கள்

முதல் கூட்டத்தில் பயிற்சி எதுவும் செய்யாதீர்கள். சொற்பட்டியல் மட்டும்.

எங்கள் ஆறு பேரின் குறிப்புகளை மேசையில் பரப்பியபோது, ஒரு வரியைத் தனித்துக் காட்டும் புலத்துக்கு ஒருவர் முதன்மைச் சாவி என்றும் இன்னொருவர் முதன்மைத் திறவுகோல் என்றும் எழுதியிருந்தார். வேறு அட்டவணையின் வரியைச் சுட்டும் அந்நியச் சாவி ஒருவரிடம் பிறச் சாவி. ஒரே தகவல் திரும்பத் திரும்ப வராமல் அட்டவணைகளைப் பிரிப்பதற்கு இயல்பாக்கம், செவ்வன்மையாக்கம் என்று இரண்டு. பிள்ளை ஒரு பாடசாலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் பாடமே மாறிவிட்டது என்று நினைக்கும். ஆசிரியர் வழிகாட்டியிலும் கடந்தகால வினாத்தாளிலும் எந்தச் சொல் வருகிறதோ அதைத் தலைச்சொல்லாக வையுங்கள். மற்றவற்றை அதன் கீழ் "இப்படியும் வரும்" என்று போடுங்கள். எது நல்ல தமிழ் என்று வாதாட ஆரம்பித்தால் பின்னேரம் ஆகிவிடும்.

ஓரிடத்தில் மட்டும் நின்று பேசத்தான் வேண்டும். "உறவு" என்ற சொல் இரண்டு வேலை பார்க்கிறது. 1970இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் கோட் தன் கட்டுரையில் ரிலேஷன் என்று சொன்னது அட்டவணையையே. 1976இல் பீட்டர் சென், பொருட்களையும் அவற்றின் தொடர்புகளையும் காட்டும் ஈஆர் வரைபடத்தைக் கொண்டுவந்தபோது ரிலேஷன்ஷிப் என்று சொன்னது இரண்டு பொருட்களுக்கு இடையிலான தொடர்பை. தமிழில் இரண்டையும் உறவு என்று எழுதிவிட்டு, "அட்டவணைகளை இணைப்பதால்தான் உறவுநிலைத் தரவுத்தளம்" என்று நான் சில வருடங்கள் படிப்பித்தேன். பிழை. ஒற்றை அட்டவணை இருந்தாலும் அது உறவுநிலைத் தரவுத்தளமே. இப்போது அட்டவணைக்கு உறவு, இரண்டுக்கு இடையில் தொடர்பு என்று பிரித்து எழுதுகிறோம்.

ஈஆர் வரைபடத்தையும் அப்போதே தீர்த்துவிடுங்கள். சென் முறையில் தொடர்புக்கு வைரவடிவம் வரையும். இணையத்தில் கிடைக்கும் படங்கள் பலவும் கோட்டின் முனையில் காகத்தின் கால் போல மூன்று கிளை போடுபவை. இரண்டும் கலந்த விடைத்தாளைத் திருத்துவது தலைவலி.

படி 3: எல்லாருக்கும் ஒரே தரவு

இந்த வழிகாட்டியில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

நூல்களில் வரும் மாதிரி பெரும்பாலும் மாணவர் பதிவேடு அல்லது வீடியோக் கடை. வீடியோக் கடையை எங்கள் பிள்ளைகள் கண்டதில்லை. மாணவர் பதிவேடு வேறு விதத்தில் சிக்கல். ஒருமுறை நான் ஒரு வழிகாட்டியில் இருந்தபடியே பத்தாம் வகுப்புக்கு அட்டவணை கொடுத்தேன். அதில் "தந்தையின் தொழில்" என்று ஒரு புலம். ஒரு பிள்ளை அந்தப் பெட்டியை நிரப்பாமல் கையை உயர்த்தி, "சேர், இதுக்கு என்ன எழுதுறது?" என்று கேட்டது. பின்னால் இன்னும் இரண்டு பேர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த மண்ணில் இது நான் யோசித்திருக்க வேண்டிய விடயம். அன்றிலிருந்து எங்கள் பொதுப் பெட்டியில், அதாவது கூட்டாகச் சேர்த்த வளங்களின் தொகுப்பில், பிள்ளைகளின் குடும்ப விபரம், இடம்பெயர்ந்த திகதி, நிவாரண விபரம் எதுவும் இல்லை. உண்மையான பிள்ளைகளின் பெயரும் இல்லை.

பதிலுக்குக் குளங்களை எடுத்தோம். இங்கே எல்லாப் பிள்ளைக்கும் ஒரு குளம் தெரியும். குளம் என்ற அட்டவணையில் எட்டு வரி: இரணைமடு, அக்கராயன், கனகாம்பிகை, கல்மடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, பாவற்குளம், கட்டுக்கரை. நான்கு மாவட்டமும் வந்துவிடும். கமக்காரர் என்ற அட்டவணையில் கற்பனைப் பெயர்களோடு 24 வரி, ஒவ்வொருவருக்கும் குள எண் அந்நியச் சாவியாக. விதைப்பு என்ற மூன்றாவதில் கமக்காரர் எண், ஆண்டு, போகம், நெல்லினம், ஏக்கர்.

24 பேரில் மூவர் மானாவாரிக்காரர். அவர்களுக்குக் குளம் இல்லை. குள எண் வெறுமை. இதை வேண்டுமென்றே வைத்தோம். அட்டவணைகளைச் சாதாரணமாக இணைத்தால் 21 வரி வரும், குளம் இல்லாதவர்களையும் விடாத லெஃப்ட் ஜொயின் போட்டால் 24 வரும். எல்லா வரியையும் எண்ணும் கவுன்ட் நட்சத்திரம் 24 சொல்லும், குள எண் உள்ள வரியை மட்டும் எண்ணும் கவுன்ட் குள எண் 21 சொல்லும். நல் எனப்படும் வெறுமை பூச்சியமும் இல்லை, வெற்றுச் சொல்லும் இல்லை என்பதை மானாவாரி வயலை வைத்துச் சொன்னால் பிள்ளைக்கு உடனே பிடிக்கிறது: பூச்சியம் என்று போட்டால், பூச்சியமாம் இலக்கக் குளம் எங்கே என்று கேட்டுச் சிரிக்கிறார்கள்.

இன்னொரு இலாபமும் உண்டு. இணைக்கும் நிபந்தனையை மறந்த பிள்ளையின் திரையில் 192 வரி இருக்கும், எட்டை 24ஆல் பெருக்கியது. மேசைக்கு மேசை நடக்கும்போது எண்ணைப் பார்த்தாலே எங்கே பிழை என்று தெரிந்துவிடும். எல்லாருக்கும் ஒரே தரவு என்பதால் மடுவில் படிப்பிப்பவருக்கும் முல்லைத்தீவில் படிப்பிப்பவருக்கும் இதே எண்கள்தான்.

உயர்தரத்துக்கு ஆறுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரணைமடுவுக்கு நீர் கொண்டுவரும் கனகராயன் ஆறு வவுனியாவில் தொடங்கி முல்லைத்தீவு வழியாகக் கிளிநொச்சிக்கு வருகிறது. ஆறு என்ற அட்டவணையில் மாவட்டம் என்று ஒரு புலம் வைத்தால் எதை எழுதுவது? மூன்றையும் காற்புள்ளி போட்டு எழுதினால், ஒரு பெட்டியில் ஒரு பெறுமதிதான் என்ற முதலாம் இயல்பு வடிவம் அங்கேயே உடைகிறது. ஒரு மாவட்டத்தில் பல ஆறு, ஓர் ஆறு பல மாவட்டத்தில். நடுவில் மூன்றாவது அட்டவணை இல்லாமல் வழியில்லை. கமக்காரரின் வரியிலேயே குளத்தின் பெயரையும் ஆற்றின் பெயரையும் எழுதிக் காட்டினால் மூன்றாம் இயல்பு வடிவமும் வந்துவிடும்: ஆறு குளத்தைப் பொறுத்தது, கமக்காரரைப் பொறுத்ததில்லை.

விதைப்பு அட்டவணையின் முதன்மைச் சாவியைப் பிள்ளைகளிடமே விடுங்கள். கமக்காரர், ஆண்டு, போகம் மூன்றும் சேர்ந்தால் போதும் என்பார்கள். காலபோகத்தில் அரை வயலுக்கு மொட்டைக்கறுப்பன், மீதிக்குப் பச்சைப்பெருமாள் என்று இரண்டு நெல்லினம் விதைத்தால், ஒரே சாவிக்கு இரண்டு வரி வராதா? எங்கள் வகுப்பில் இதைக் கேட்டது நானில்லை, வயலுக்குப் போய்வரும் ஒரு பையன்.

படி 4: பாமினியை வெளியே விடுங்கள்

வினாத்தாளைப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடிப்பது எங்கள் எல்லாருக்கும் பழக்கம். அச்சுக்கு அது போதும். தரவுத்தளத்துக்குள் அது நஞ்சு. பாமினியில் அடித்தது கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்து. எழுத்துரு மட்டுமே அதைத் தமிழாகக் காட்டுகிறது. மெய்யெழுத்தின் புள்ளி உண்மையில் ஓர் அரைப்புள்ளி. "இ" என்பது ஒரு காற்புள்ளி. நோட்பேட்டில் பாமினிப் பெயர்களை ஒட்டி, காற்புள்ளியால் புலங்களைப் பிரிக்கும் சிஎஸ்வி கோப்பாக இறக்கிப் பாருங்கள்: இரணைமடுவின் முதல் எழுத்தே புலத்தைப் பிரித்து, பெயரை அடுத்த பெட்டிக்குத் தள்ளிவிடும். இது ஏன் என்று தெரியாமல் ஒரு பாடவேளை முழுக்க நான் பிள்ளைகளைத் திட்டியிருக்கிறேன்.

ஆகவே பெட்டிக்குள் வரும் எல்லாம், தமிழ்க் குறிகளுக்கென்றே தனி எண்கள் உள்ள யூனிகோட். பழையவற்றை ஒரு மாற்றியில் போட்டு மாற்றி, கண்ணால் ஒருமுறை வாசியுங்கள். எக்செலில் சேமிக்கும்போது "சிஎஸ்வி யூடிஎஃப்-8" என்ற தெரிவையே எடுங்கள். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளைப் பாவிப்பவர்கள் தரவுத்தளத்தை உருவாக்கும்போதே எழுத்துக் குறிமுறையை யூடிஎஃப்8எம்பி4 என்று கொடுங்கள், 8.0க்கு முந்திய பதிப்புகள் இயல்பில் லத்தீனாக இருந்ததால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும்.

புல நீளத்தையும் கவனியுங்கள். கிளிநொச்சி என்பதில் நாம் எண்ணுவது ஐந்து எழுத்து. கணினி எண்ணுவது பத்து, ஏனென்றால் கொம்பும் விசிறியும் புள்ளியும் தனித்தனிக் குறி. பைட்டில் பார்த்தால் முப்பது. மைஎஸ்கியூஎல்லில் கார் லெங்த் பத்தும் லெங்த் முப்பதும் சொல்வது இதனால்தான். பெயர்ப் புலத்துக்கு 20 என்று வைத்துவிட்டு நீளமான ஊர்ப்பெயர் ஏன் ஏற்கப்படவில்லை என்று தேட வேண்டாம்.

"நொ" என்பதையே இரண்டு விதமாக அடிக்கலாம்: ஒரே குறியாக, அல்லது ஒற்றைக் கொம்பும் அரவும் தனித்தனியாக. திரையில் வித்தியாசம் தெரியாது. எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தள மென்பொருள் இரண்டையும் வேறு வேறு சொல்லாக எடுக்கும். தேடினால் பாதிப் பேர் காணாமல் போவார்கள். ஒருவர் அடித்த பட்டியலையே எல்லாரும் படியெடுக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

அடுக்கும் வரிசையும் அகராதி வரிசை இல்லை. எஸ்கியூலைட்டில் வரிசைப்படுத்தும் கட்டளையான ஓடர் பை போட்டால் கட்டுக்கரை, கனகாம்பிகை, கல்மடு என்று வரும். தமிழ் நெடுங்கணக்கில் னகரம் கடைசி எழுத்து, கல்மடு முன்னே வர வேண்டும். யூனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, எஸ்கியூலைட் அந்த எண்ணைத்தான் பார்க்கிறது. இதை விடைத்தாளில் ஒரு வரி எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளையின் சரியான கேள்விக்கு நாம் முழிக்க நேரும்.

படி 5: மென்பொருள்

சாதாரண தரத்துக்குப் பெரும்பாலும் மைக்ரோசொஃப்டின் அக்செஸ். அக்செஸ் 2007இலோ அதற்குப் பிந்தியதிலோ புதிய வடிவத்தில் சேமித்த கோப்பு 2003இல் திறக்காது. லப்பில் பழைய கணினி இருந்தால் பழைய வடிவத்திலும் ஒரு படி வையுங்கள். அக்செஸ் இல்லாத இடத்தில் லிப்ரே ஒஃபிஸ் பேஸ் இலவசம், ஆனால் அதன் வழக்கமான தரவுத்தளத்துக்கு ஜாவாவும் நிறுவ வேண்டும்.

தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல் படிப்பிக்க எங்களுக்குப் பிடித்தது எஸ்கியூலைட். முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு, பென்ட்ரைவில் போட்டுக்கொண்டு போகலாம், சேவரும் கடவுச்சொல்லும் தேவையில்லை. ஆனால் இரண்டு இடத்தில் அது பிள்ளையை ஏமாற்றும். முழு எண் என்று சொன்ன புலத்தில் "பத்து" என்று எழுதினாலும் சத்தமில்லாமல் ஏற்கும். கட்டளைத் திரையில் திறந்தால், அந்நியச் சாவியைச் சரிபார்க்கச் சொல்லும் பிரக்மா ஃபொரின் கீஸை ஓன் செய்யும்வரை இல்லாத குளத்தின் எண்ணையும் ஏற்கும். தரவு வகையும் அந்நியச் சாவியும் காட்டும் பாடங்களை அக்செஸில் அல்லது மைஎஸ்கியூஎல்லில் செய்துவிட்டு, வினவல்களுக்கு எஸ்கியூலைட்டுக்கு வாருங்கள்.

மின்சாரம் நின்ற நாளுக்கும், நான்கு கணினிக்கு முப்பது பிள்ளை இருக்கும் லப்புக்கும் ஒரு காட்போட் பெட்டி செய்தோம். ஒரு மட்டையில் ஒரு வரி. குளங்கள் நீலம், கமக்காரர் மஞ்சள். குள எண் பொருந்தும் மட்டைகளை நூலால் இணைப்பது ஜொயின். மூன்று மஞ்சள் மட்டை நூலில்லாமல் கிடக்கும். பல பிள்ளைகளுக்குத் திரையை விட இதில்தான் கெதியாகப் பிடித்தது.

படி 6: ஒரு வளம் என்றால் என்ன

ஒரு பாடவேளைக்குள் முடியும் பயிற்சி. அதற்கு மேல் பெரிதாக இருந்தால் வெட்டுங்கள். பிள்ளைக்கான தாள் திருத்தக்கூடிய கோப்பாக, தரவுக் கோப்பு, எத்தனை வரி வர வேண்டும் என்ற எண்ணோடு விடை, கடைசியாக "எங்கே தடக்குப்படும்" என்று ஆசிரியருக்கு அரைப் பக்கம். இந்த அரைப் பக்கம் இல்லாத எதையும் நாங்கள் பெட்டியில் ஏற்பதில்லை. முன்னைய மூன்றும் எங்கேயும் கிடைக்கும். எங்கள் பிள்ளைகள் எங்கே சறுக்கினார்கள் என்பது எங்களிடம் மட்டுமே இருக்கிறது.

பிறருடைய ரியூசன் தாளை ஸ்கான் செய்து போட வேண்டாம். சொந்தமாக எழுதியதன் கீழே, பெயர் குறிப்பிட்டு யாரும் மாற்றலாம், பகிரலாம் என்று ஒரு வரி போடுங்கள். கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள்; தமிழ்ப் பெயர்கள் சிப் செய்து அனுப்பினால் சில பழைய கணினிகளில் சிதைந்து வருகின்றன.

படி 7: பதிவேடும் இருப்பிடமும்

எங்கள் முதல் பதிவேடு ஓர் எக்செல் தாள். வளத்தின் பெயர், அலகு, செய்தவர், அவர் பாடசாலை, ஊர். மூன்று மாதத்தில் புதுக்குடியிருப்பு நான்கு விதமாக இருந்தது: முழுதாக, பு.குடியிருப்பு என்று, புதுக்குடி என்று, கடைசியில் இடைவெளி ஒன்றோடு. ஊரை வைத்து வடிகட்டினால் பாதி வராது. படிப்பிக்கும் பாடத்தையே நாங்கள் செய்யவில்லை! அந்தத் தாளை அப்படியே உயர்தர வகுப்புக்கு இயல்பாக்கப் பயிற்சியாகக் கொடுத்தோம். ஆசிரியர், வளம், அலகு என்று பிள்ளைகள் பிரித்துத் தந்த அட்டவணைகளைத்தான் இன்றும் பாவிக்கிறோம்.

கோப்புகள் கூகிள் ட்ரைவில் இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு கோப்பும் ஏற்றியவருக்கே சொந்தம் என்பதை மறக்க வேண்டாம். அவர் அழித்தால் எல்லாருக்கும் போய்விடும். பெட்டிக்கென்று தனிக் கணக்கு ஒன்று திறந்து அதன் வழியாகவே ஏற்றுங்கள். கடவுச்சொல் இருவரிடம் இருக்கட்டும். தவணை முடிவில் முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, சிக்னல் சரியில்லாத பாடசாலைகளுக்குக் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். வட்ஸப்பை அறிவித்தலுக்கு மட்டும் வையுங்கள்.

படி 8: பிறர் கையில் சோதனை

செய்தவர் தன் வளத்தைச் சோதிக்கக் கூடாது. இன்னொரு பாடசாலை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு, போன் எடுக்காமல் இருங்கள். அவர் வகுப்பில் ஓட்டிவிட்டுக் கேட்கும் கேள்விகள் எல்லாம் அந்த அரைப் பக்கத்துக்குள் போக வேண்டியவை. என் முதல் வளத்துக்குப் பதினொரு கேள்வி வந்தது, அதில் மூன்று விடையே பிழை என்பது.

படி 9: இடமாற்றம் வரும்போது

வரும். இங்கே ஐந்தாறு வருடம் இருந்துவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் எங்கள் குழுவிலும் பாதிப் பேர். கடிதம் வந்த கிழமையே கடவுச்சொல்லை அடுத்தவரிடம் கொடுத்து, ஹார்ட் டிஸ்க்கைக் கையளித்து, பதிவேட்டில் அவர் பாடசாலையை மாற்றுங்கள். அட்டவணையைப் பிரித்து வைத்ததால் ஆசிரியர் அட்டவணையில் ஒரே ஒரு வரிதான் மாறும், அவர் செய்த வளங்களின் வரிகளைத் தொடவே தேவையில்லை.

போன வருடம் ஒரு ரீச்சர் மாறிப் போனபோது அப்படித்தான் செய்தோம். அடுத்த நாள் பதிவேட்டைத் திறந்தால், அவர் மல்லாவிப் பிள்ளைகளோடு சோதித்த பயிற்சிகள் எல்லாம் யாழ்ப்பாணத்துப் பாடசாலையில் செய்தவையாகத் தெரிந்தன. இயல்பாக்கம் பிழையா, அல்லது "செய்த காலத்துப் பாடசாலை" என்பது வளத்துக்கே உரிய ஒரு புலமா? விடையை நான் சொல்லவில்லை. பதின்மூன்றாம் வகுப்புக்கு அதையே வினாவாகக் கொடுத்திருக்கிறேன்.